தாங்கி நிரம்பினால் தானே நிற்க வேண்டும்

வன்னியில் நிரல் எழுதப் பழகிய ஒருவர் வீட்டுக்கு ஏதாவது செய்து பார்க்க வெளிக்கிட்டால், கை முதலில் போவது தண்ணீர் மோட்டரிடம்தான். வளவுக்குள் கிணறு, கொங்கிரீற் தூணின் மேல் 1000 லீற்றர் கறுப்புத் தாங்கி, சுவரில் ஒரு சுவிச். சுவிச்சைப் போட்டவர் அடுப்படிக்குள் போய் மறந்துவிடுவார். மாரியில் மறந்தால் தாங்கி வழிந்து வாழையடி சேறாகும், அவ்வளவுதான். ஆடி, ஆவணியில் கிணறு அடிக்கு இறங்கியிருக்கும்போது மறந்தால் மோட்டர் வெறுமையாகச் சுழன்று சீல் உருகிப் போகும். தண்ணீர் குறைந்தால் போடு, நிரம்பினால் நிறுத்து என்பதை நிரலாக எழுதினால் இருபது வரி தேறாது.

இந்த இருபது வரி மேசையில் எல்லோருக்கும் ஓடும். சிறிய பிளாஸ்ரிக் வாளியில் தண்ணீர் ஊற்றி, ரிலே (நிரல் சொன்னபடி மின்சுற்றை மூடித் திறக்கும் சிறு சுவிச்) ‘டிக்’ என்று அடிப்பதை வீடியோ எடுத்து அனுப்பியும் விடலாம். கிணற்றடிக்குக் கொண்டுபோய்ப் பூட்டியபின் நடப்பது வேறு. மின்னல், இறங்கிய கறண்ட், சுண்ணாம்புத் தண்ணீர், குளவி, எறும்பு, குரங்கு, கடைசியாக வீட்டில் இருக்கிற மனிதர் என்று ஒவ்வொன்றாக வந்து அந்த வரிகளைச் சோதிக்கும். செய்தவர் பெரும்பாலும் வீட்டில் இருக்கவும் மாட்டார். கொழும்பில் வேலை, அல்லது வெளிநாடு. இந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு தனித்திருப்பது அம்மாவும் அப்பாவும். அதனால் இந்தப் பொழுதுபோக்கில் நான் முதலில் பார்ப்பது, அது எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வேலை செய்கிறது என்பதை அல்ல. பழுதானால் மோட்டர் நிற்கிறதா, நின்றபின் நிரல் தெரியாத ஒருவர் கையால் போட முடிகிறதா என்பதைத்தான்.

முதலில் தண்ணீர் மட்டத்தை அறிவது. பலரும் ஒலியை அனுப்பி எதிரொலியால் தூரம் அளக்கும் மீயொலி சென்சருக்குப் போகிறார்கள், மட்டத்தை வீதமாகப் போனில் பார்க்கலாம் என்பதற்காக. எச்சி-எஸ்ஆர்04 என்ற மலிவானது ஈரத்தில் சில மாதமும் தாங்காது. நீர் புகாத ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி பரவாயில்லை. ஆனால் அதற்கு முன்னால் 20 தொடக்கம் 25 சென்ரிமீற்றர் வரை குருட்டு இடம் உண்டு. அதற்குள் தண்ணீர் வந்துவிட்டால் சரியான தூரம் வராது, ஏதோ ஒரு எண் வரும். தாங்கியின் மூடியில் நேரே துளைத்துப் பூட்டி, ‘10 சென்ரிமீற்றருக்கு வந்தால் நிறுத்து’ என்று எழுதியவரின் வீட்டில் அந்த 10 ஒருநாளும் வராது, தண்ணீர் வழிந்துகொண்டே இருக்கும். சென்சரைத் தாங்கியின் நிறைமட்டத்திலிருந்து 25 சென்ரிமீற்றராவது உயர்த்த வேண்டும். மூடியில் 110 மில்லிமீற்றர் பீவிசி குழாய்த் துண்டொன்றைக் கழுத்துப்போல் ஏற்றி அதன் உச்சியில் பூட்டுவது எளிய வழி. குழாய் வாயின் விளிம்பைச் சீவித் துப்புரவாக்காவிட்டால் அந்த விளிம்பே எதிரொலி தரும்.

வெப்பம் ஏறினால் ஒலியின் வேகம் மாறுமே என்று கவலைப்பட்டு வெப்பமானி ஒன்றையும் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். 25 பாகையில் ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 346 மீற்றர் போகும், 40 பாகையில் 355. ஒரு மீற்றர் ஆழத்துக்கு வரும் பிழை மூன்று சென்ரிமீற்றருக்குள்தான். குளிக்கிற தண்ணீருக்கு இந்தத் துல்லியம் தேவையில்லை. வேட்டாவளியன் குளவி சென்சர் வாயில் மண்கூடு கட்டுவது அதைவிடப் பெரிய பிழை. கூடு கட்டியதும் பெரும்பாலும் தூரம் மிகக் கிட்டவாகத் தெரியும், தாங்கி நிரம்பிவிட்டது என்று நிரல் நம்பும், குழாயில் தண்ணீர் வராது. மோட்டர் நிற்கிற பக்கமாகப் பிழைப்பதால் இதை மன்னிக்கலாம்.

என் தெரிவு மிதவைச் சுவிச்தான். ஒன்று மேலே, ஒன்று கீழே. வீதம் தெரியாது, வரைபடம் வராது. ஆனால் உள்ளே ஒரு காந்தமும், காந்தம் கிட்ட வந்தால் மூடும் ஒரு ரீட் சுவிச்சும் மட்டுந்தான். கிளிநொச்சி, மன்னார்ப் பக்கம் பல இடங்களில் சுண்ணக்கல் நிலம். மிதவையின் தண்டில் வெள்ளைப் படிவு ஏறி அது இறுகிக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றி ஒரு மணித்தியாலம் வினாகிரிக்குள் போட்டால் படிவு கரைந்துவிடும். இதே காரணத்தால், தண்ணீருக்குள் இரண்டு கம்பியை விட்டு மின் பாய்கிறதா என்று பார்க்கும் முறையைத் தொடவே வேண்டாம். நேரோட்டம் இடைவிடாமல் பாய்ந்தால் ஒரு கம்பி கரைந்துபோகும், மற்றதில் சுண்ணாம்பு ஏறும்.

மிதவையை எப்படி இணைப்பது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். மேல் மிதவை, தண்ணீர் இல்லாதபோது மூடியிருந்து நிரம்பியதும் திறக்க வேண்டும். அப்போது வயரைக் குரங்கு இழுத்து அறுத்தாலும் சுற்று திறந்துவிடும், நிரலுக்கு அது ‘நிரம்பிவிட்டது’ என்றே தெரியும், மோட்டர் நிற்கும். எதிர்ப்பக்கமாக இணைத்தால் அறுந்த வயர் ‘இன்னும் நிரம்பவில்லை’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். பெரும்பாலான சிறிய மிதவைகளை அடியிலுள்ள கிளிப்பைக் கழற்றித் தலைகீழாக மாட்டினாலே இந்த மாற்றம் கிடைத்துவிடும்.

இனி மோட்டர் பக்கம். நீலப் பெட்டி ரிலேயில் 10 அம்பியர் என்று எழுதியிருக்கிறது, ஒரு குதிரைவலு மோட்டர் 5, 6 அம்பியர்தான் எடுக்கிறது, ஆகவே போதும் என்பது எல்லோரும் போடும் கணக்கு. ரிலேயில் எழுதியிருக்கும் 10 அம்பியர், சூடாக்கி போன்ற வெறும் தடைச் சுமைக்கு. தூண்டல் மோட்டர் தொடங்கும்போது ஓடும் அளவைப்போல் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். 30 அம்பியர் அரைச் செக்கன் பாய்ந்தால் ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் நிரல் எத்தனை தரம் நிறுத்து என்று சொன்னாலும் மோட்டர் ஓடும். ரிலே ஒரு கொன்ராக்ரரின் (மோட்டர்ச் சுமை தாங்கும் பெரிய ரிலேயின்) சுருளை மட்டும் இயக்கட்டும், மோட்டரைக் கொன்ராக்ரர் இயக்கட்டும். மோட்டர் சுமைக்கான ஏசி-3 தரத்தில் 12 அம்பியர் அல்லது அதற்கு மேல் உள்ளது, 230 வோல்ற் சுருள், பக்கத்தில் மோட்டரின் அம்பியருக்குச் சரிசெய்த, அளவுக்கு மீறி இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட். சுருளின் இரு முனைக்கும் குறுக்கே 100 ஓம் தடையும் 0.1 மைக்ரோஃபரட் எக்ஸ்2 வகைக் கப்பாசிற்றரும் தொடராக இணைக்க வேண்டும். இதை விட்டால், கொன்ராக்ரர் விடும்போது எழும் மின்துடிப்பில் நிரல் ஓடும் சிப் உறைந்து நிற்கும் அல்லது தானே மறுபடி தொடங்கும். நிரலில் பிழை தேடி இரவு முழுவதும் விழித்திருப்பவர்கள் பலருக்கு உண்மையில் தேவைப்படுவது இந்த இரண்டு சிறு சாமான்கள். 230 வோல்ற் பக்க வேலையைக் கறண்ட் வேலை தெரிந்தவரிடம் விடுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

ரிலே போர்ட்டிலும் (ரிலே பூட்டி விற்கும் சிறு சுற்றுப் பலகை) ஒரு பொறி உண்டு. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் கீழ்மட்டத்தில் இயங்குபவை, அதாவது அதை இயக்கும் சிப்பின் முனை பூச்சிய வோல்ற்றுக்கு வந்தால் ரிலே போடும். பலரும் பாவிக்கும் வைஃபை சிப்பான ஈஎஸ்பி32 தருவது 3.3 வோல்ற், ரிலே போர்ட் எதிர்பார்ப்பது 5 வோல்ற். மேல்மட்டம் கொடுத்தும் ரிலே முழுதாக விடாமல், சிறு விளக்கு மங்கலாக எரிந்துகொண்டே இருப்பது இதனால்தான். போர்ட்டில் உள்ள ஜேடி-விசிசி என்ற ஜம்பரை (இரு முனையை இணைக்கும் சிறு மூடியை) கழற்றி, ஜேடி-விசிசிக்கு 5 வோல்ற்றும் விசிசிக்கு 3.3 வோல்ற்றும் தனித்தனியாகக் கொடுத்தால் சரியாகும். நிரலில் முனையை வெளியீடாக அறிவிப்பதற்கு முன்பே அதற்கு மேல்மட்டத்தை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை கறண்ட் வரும்போதும் மோட்டர் ஒருகணம் உதறும். ஈஎஸ்பி32இன் 12ஆம் முனையை ரிலேக்குக் கொடுக்கக்கூடாது. தொடங்கும் நேரத்தில் அது மேல்மட்டத்தில் இருந்தால் சிப் தன் ஃபிளாஷ் நினைவகத்தின் வோல்ற்றளவைத் தவறாக எடுத்துக்கொண்டு எழும்பவே எழும்பாது. 34 தொடக்கம் 39 வரையான முனைகள் உள்ளீட்டுக்கு மட்டும். 25, 26, 27, 32, 33 ஆகியவை தொல்லை தராதவை.

மின்மாற்றியிலிருந்து தூரமான ஊர்களில் பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு 230 வோல்ற் என்பது பேச்சுக்குத்தான். லைன் முடிகிற வீடுகளில் 180க்கு இறங்குவதும் உண்டு. மோட்டரின் முறுக்குவிசை வோல்ற்றளவின் வர்க்கத்தோடு போவதால் 180இல் கிடைப்பது முழு விசையின் 61 வீதம் மட்டுமே. சுழலத் தொடங்க முடியாமல் உறுமிக்கொண்டு நிற்கும், சுற்று சூடேறும். கொன்ராக்ரரும் தன் வோல்ற்றளவில் 85 வீதம், அதாவது 195 அளவில் இருந்தால்தான் உறுதியாக இழுக்கும் என்பது தரம். அதற்குக் கீழே படபடவென்று அடித்து முனைகளைக் கருக்கும். ஆகவே வோல்ற்றளவை அளக்காத கட்டுப்பாட்டுப் பெட்டி வன்னிக்குப் பாதிப் பெட்டிதான்.

பீசெம்-004டி என்ற சிறு அளவி வோல்ற், அம்பியர், வாற் மூன்றையும் அளந்து சிப்புக்குத் தரவாக அனுப்பும். அதன் வளையத்துக்குள்ளால் ஒரு வயர் மட்டும் போக வேண்டும். லைவும் நியூட்ரலும் சேர்ந்து போனால் ஒன்றையொன்று கழித்துப் பூச்சியம் காட்டும். 200 வோல்ற்றுக்குக் கீழே தொடங்காதே, ஓடும்போது 185க்குக் கீழே பத்துச் செக்கன் நின்றால் நிறுத்து என்பவை நல்ல தொடக்க எண்கள். இரண்டுக்கும் இடையே இடைவெளி இல்லாவிட்டால், மோட்டர் தொடங்கியதும் வோல்ற் இறங்கி நிற்கும், நின்றதும் ஏறித் தொடங்கும், விடியும்வரை இதே வேலை.

இதே அளவி கிணறு வற்றியதையும் சொல்லும் என்பது இலவசமாக வரும் நன்மை. மையவிலக்குப் பம்ப் தண்ணீரைத் தள்ளாதபோது எடுக்கும் வாற் குறைகிறது. நன்றாக ஓடும்போது எவ்வளவு எடுக்கிறது என்பதைப் பகலில் ஒருமுறை குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு வெளியேறும் வால்வை அரை நிமிடம் மூடிப் பார்த்து, அப்போது எவ்வளவு என்பதையும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு எல்லை வைத்து, அதற்குக் கீழே இருபது செக்கன் நின்றால் நிறுத்துவது. கிணற்றில் தண்ணீர் இருந்தும் இந்தத் தடை அடிக்கடி விழுந்தால் அடியிலுள்ள ஃபுட் வால்வைப் பாருங்கள். அதில் ஒரு சிறு கல் மாட்டியிருந்தாலும் குழாயிலுள்ள தண்ணீர் இரவோடு இரவாக இறங்கிவிடும், காலையில் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். நிறுத்தியபின் உடனே மறுபடி முயலக்கூடாது. ஊற்று ஊறிவர இரண்டு மணித்தியாலம் விட்டு ஒரு முயற்சி. இப்படி மூன்று முயற்சியும் தோற்றால் ஒரு மனிதர் வந்து பொத்தானை அழுத்தும்வரை பூட்டு.

இப்போது நிரல். தொடக்கக்காரரின் நிரல்களில் நான் காணும் பெருங்குறை ஒன்று. வைஃபை இணையும்வரை ஒரு வளையத்துக்குள் காத்திருப்பார்கள், இணைந்தபின்தான் மிச்சம் எல்லாம். ரவுட்டர் நின்றுபோன அன்றைக்கு மோட்டர் ஓடிக்கொண்டிருந்தால், சிப் அந்த வளையத்துக்குள் நின்று வைஃபையைத் தேடிக்கொண்டிருக்கும். மிதவையை யாரும் பார்ப்பதில்லை. தண்ணீர் வழியும். மட்டம் பார்ப்பது, வோல்ற் பார்ப்பது, நேரம் பார்ப்பது மூன்றும் வலையமைப்பு இருப்பதையே அறியாததுபோல் ஓட வேண்டும். வைஃபை முப்பது செக்கனுக்கு ஒருமுறை ஒரு முயற்சி, முடியாவிட்டால் விட்டுவிடு. இணையம் வெறும் வேடிக்கை பார்க்க, முடிவெடுக்க அல்ல. ஒரு செய்தியை அனுப்பி, எங்கோ வெளிநாட்டில் உள்ள சேர்வர் ஒன்று ‘நிறுத்து’ என்று பதில் தந்தால்தான் மோட்டர் நிற்கும் என்ற அமைப்பை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

நிலைகளாகப் பிரித்து எழுதுவது நல்லது. ஓய்வு, தொடங்கல், ஓட்டம், தடை என்று நான்கு போதும். எந்த நிலையிலிருந்து எதற்குப் போகலாம் என்பதைக் கடதாசியில் அம்புக்குறி போட்டு வரைந்துவிட்டு எழுதினால் பாதிப் பிழை பிறக்காது. எந்த உள்ளீட்டையும் இரண்டு செக்கன் மாறாமல் நின்றபின்தான் நம்ப வேண்டும். தாங்கியிலிருந்து வரும் முப்பது மீற்றர் வயர் ஒவ்வொரு கொன்ராக்ரர் அடிக்கும் துள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நேர வரம்பு. 1000 லீற்றர் தாங்கியை நிமிடத்துக்கு 40 லீற்றர் தள்ளும் பம்ப் 25 நிமிடத்தில் நிரப்பும், அப்படியென்றால் 50 நிமிடத்துக்கு மேல் எந்தச் சென்சர் என்ன சொன்னாலும் ஓடக்கூடாது.

சிப் எழும்பியதிலிருந்து மில்லிசெக்கன்களை எண்ணும் மில்லிஸ் எண் 32 பிட்டில் இருப்பதால் 49.7 நாளில் மறுபடி பூச்சியத்துக்கு வரும். ‘இந்த நேரத்தைத் தாண்டினால் நிறுத்து’ என்று கூட்டி எழுதினால் அந்த நாளில் கணக்குக் குழம்பும். இப்போதைய எண்ணிலிருந்து தொடங்கிய எண்ணைக் கழித்து, வித்தியாசத்தை ஒப்பிட்டால் குழம்பாது, குறியில்லா முழு எண்ணாக இருக்கும்வரை. வன்னியில் இந்தப் பிழை நெடுநாள் ஒளிந்திருக்கும். ஐம்பது நாள் தொடர்ந்து கறண்ட் நிற்காமல் இருந்தால்தானே? சோலர் பற்றரியில் பெட்டியை இணைத்தபின்தான் அது வெளியே வருகிறது.

கறண்ட் நின்று வரும் கணத்துக்கும் ஒரு மரியாதை வேண்டும். ஊர் முழுவதும் குளிர்சாதனப் பெட்டியும் மோட்டரும் ஒன்றாக எழும்பும் நேரம் அது. பெட்டி எழும்பியதும் இரண்டு தொடக்கம் ஐந்து நிமிடம் வரை காத்திருக்கட்டும். ஒரே ஒழுங்கையில் இரண்டு வீட்டுக்குச் செய்து கொடுத்தால், காத்திருக்கும் நேரத்தைச் சிப்பின் அடையாள எண்ணிலிருந்து எடுத்தால் இரண்டும் ஒன்றாகத் தொடங்காது. கடைசி நிலையை நினைவில் வைக்கிறேன் என்று பத்துச் செக்கனுக்கு ஒருமுறை ஃபிளாஷில் எழுதவும் வேண்டாம். ஒரு பகுதி ஏறக்குறைய ஒரு லட்சம் அழிப்புத்தான் தாங்கும். ஈஎஸ்பி32க்கு முந்திய சிப்பான ஈஎஸ்பி8266இன் ஈப்ரொம் நூலகம் (ஆயத்த நிரல் தொகுப்பு) ஒவ்வொரு முறையும் அதே இடத்தையே அழித்து எழுதுவதால், பன்னிரண்டு நாளுக்குள் அந்த வாழ்நாள் தீர்ந்துவிடும்.

எம்கியூடிடி (சிறு பெட்டிகள் வலையமைப்பில் செய்தி பரிமாறும் முறை) பாவிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘மோட்டரைப் போடு’ என்ற கட்டளையைத் தக்கவைக்கும் செய்தியாக அனுப்பினால், செய்திகளைக் கைமாற்றும் புரோக்கர் என்ற சேர்வர் அதை வைத்துக்கொண்டே இருக்கும். நள்ளிரவில் கறண்ட் போய் வந்து பெட்டி மறுபடி இணைந்ததும் அதே கட்டளை மறுபடி கையில் கிடைக்கும். யாரும் தொடாமல் மோட்டர் ஓடும், வீட்டில் பேய்க் கதை தொடங்கும். நிலையைச் சொல்லும் செய்தியை மட்டும் தக்கவையுங்கள், கட்டளையை ஒருபோதும் வேண்டாம்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி மின்னல் இங்கே வழக்கம். நேரே விழும் மின்னலுக்கு மருந்தில்லை. அரைக் கிலோமீற்றர் தள்ளி விழுந்ததும், தாங்கியிலிருந்து வரும் நீண்ட வயரில் எழும் தூண்டல் மின்னழுத்தம்தான் சிப்புகளைக் கொல்வது. மிதவை வயரை நேரே சிப்பின் காலில் பூட்டினால் ஒரு மாரியும் தாண்டாது. 12 வோல்ற்றில் மிதவைச் சுற்றை ஓட்டி, பிசி817 போன்ற, குறிப்பை ஒளியாக மட்டும் கடத்தும் ஒளியிணைப்பியின் மறுபக்கத்திலிருந்து சிப்புக்கு எடுங்கள். ஒளியிணைப்பி எரிந்தாலும் அது சில்லறைக் காசுச் சாமான், சொக்கற்றில் வைத்திருந்தால் பிடுங்கி மாற்றலாம். மின்வரவுப் பக்கம் மின்னெழுச்சியை உறிஞ்சும் 275 வோல்ற் வரிஸ்ரர் ஒன்று, அதற்கு முன்னால் ஃபியூஸ். எர்த் சரியில்லாவிட்டால் பாதுகாப்புக்கென்று பூட்டிய மிச்சமும் வீண். கோடையில் மணல் நிலம் காய்ந்து எர்த் தடை கூடிவிடுவதால், கம்பியை வீட்டுச் சுவரடியில் அல்ல, குளிக்கிற தண்ணீர் ஓடும் வாழையடியில் அடிப்பது நல்லது. மின்கசிவில் விழும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் இல்லாத வீட்டுக் கிணற்றடியில் இந்த விளையாட்டையே தொடங்க வேண்டாம்.

பெட்டி நீர் புகாததாக இருந்தால் போதாது, எறும்பும் புகாததாக இருக்க வேண்டும். கொன்ராக்ரருக்குள் எறும்பு கூடு கட்டினால் முனைகள் முட்டாது. பல்லி ஒன்று குறுக்கே விழுந்தால் ட்ரிப் விழும். வயர் நுழையும் ஒவ்வொரு துளைக்கும் வயரைச் சுற்றி இறுக்கும் கிளாண்ட் போட்டு, துளைகளைப் பெட்டியின் அடிப்பக்கத்தில் மட்டும் வையுங்கள். தகரக் கூரைக்குக் கீழே உச்சியில் பூட்டினால் பங்குனி, சித்திரையில் உள்ளே 60 பாகையும் தாண்டும், மின்வழங்கியின் கப்பாசிற்றர்தான் முதலில் சாகும். வடக்குச் சுவர், நெஞ்சளவு உயரம், நிழல். சோளகம் வீசும் மாதங்களில் புழுதி ஏறாமல் கதவுக்கு ரப்பர் விளிம்பு.

தமிழ் எழுத்தைக் காட்டுவது இந்த வேலையில் எனக்குப் பிடித்த தலையிடி. சிறு ஓலெட் திரைக்கான நூலகங்கள் ஒவ்வொரு குறியீட்டையும் வந்த வரிசையில் அப்படியே வரையும். யுனிகோட்டில் ஒற்றைக்கொம்பு மெய்க்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, திரையில் மெய்க்கு முன்னால் வர வேண்டும். அதைத் திருப்பிப் போடும் வேலையைச் சிறு நூலகங்கள் செய்வதில்லை. பெட்டி சொல்ல வேண்டியவை ஆறேழு சொற்கள்தானே. அவற்றைக் கணினியில் படமாக வரைந்து, கறுப்பு வெள்ளைப் பிட்டுகளாக மாற்றி நிரலில் வைத்துவிடுவது குறுக்குவழி என்றாலும் நல்ல வழி. 128க்கு 32 புள்ளியில் ஒரு படம் 512 பைட். பத்துப் படமும் சுமையல்ல.

எஸ்எம்எஸ் அனுப்புவதென்றால் வேறு கணக்கு. ஆங்கில எழுத்தில் 160 இடம், தமிழில் 70. அதுவும் எழுத்துக்கு ஒன்றல்ல, குறியீட்டுக்கு ஒன்று. ‘தண்ணீர்’ கண்ணுக்கு நான்கு எழுத்து, கணக்கில் ஏழு. ‘மோட்டர் நின்றுவிட்டது. கிணற்றில் தண்ணீர் இல்லை.’ என்பது 47 இடம் எடுக்கும், ஒரே செய்திக்குள் அடங்கும். ‘மோ’வின் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் வரலாம், இரண்டாகப் பிரிந்தும் வரலாம். இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும், நிரலில் சமன் ஆகாது. போனிலிருந்து வரும் தமிழ்க் கட்டளையை ஒப்பிடுவதற்கு முன் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராவிட்டால், அம்மா சரியாக எழுதியும் பெட்டி கேட்காது. ஜிஎஸ்எம் மொடியூலுக்குச் செய்தி அனுப்பும் கணத்தில் 2 அம்பியர் வரை தேவைப்படும். சிப்பின் மின்வழங்கியிலிருந்தே எடுத்தால் இரண்டும் சேர்ந்து விழும், தனி வழியும் பக்கத்தில் 1000 மைக்ரோஃபரட் கப்பாசிற்றரும் வேண்டும்.

பதிவுகளைச் சேமிக்க வீட்டில் ஒரு சேர்வர் வேண்டுமென்றால் பழைய மடிக்கணினி நல்லது. பற்றரி உள்ளேயே இருக்கிறது. ராஸ்பெரி பை வைத்திருப்பவர்கள் எஸ்டி அட்டையை வாசிக்க மட்டும் என்ற நிலையில் பூட்டி, பதிவுகளை வெளி எஸ்எஸ்டிக்கு அனுப்பினால் கறண்ட் போகும்போது அட்டை கெடாது. நேரத்துக்கு டிஎஸ்3231 மணிக்கூட்டு மொடியூல். நீலநிற மலிவு மொடியூலில் பற்றரியைச் சார்ஜ் செய்யும் சுற்று இருக்கிறது, அதில் சாதாரண சிஆர்2032ஐப் போட்டு 5 வோல்ற் கொடுத்தால் பற்றரி வீங்கும். அந்தச் சுற்றிலுள்ள சிறு டயோட்டைச் சூடுகாட்டி எடுத்துவிட்டால் முடிந்தது.

வீட்டில் இருப்பவருக்கு இதெல்லாம் தொழில்நுட்பம் இல்லை, குழாயில் தண்ணீர் வருகிறதா என்பதுதான். ‘தம்பி, உன்ர பெட்டி சிவப்பு லைற் காட்டுது, நான் இப்ப குளிக்கலாமோ இல்லையோ?’ என்று கொழும்புக்குப் போன் வந்தால், அங்கே பெட்டி செய்தவர் தோற்றுவிட்டார். மூன்று நிலைச் சுவிச் ஒன்று பெட்டியின் முகத்தில் இருக்க வேண்டும். தானாக, நிறுத்தம், கையால். ‘கையால்’ என்பது சிப்பைத் தாண்டி நேரே கொன்ராக்ரருக்குப் போக வேண்டும், ஓவர்லோட்டும் ட்ரிப்பும் மட்டும் குறுக்கே நிற்கட்டும். நிரல் வழியாகக் கையால் போடுவது கையால் போடுவதாகாது. பழைய சுவர்ச் சுவிச்சைக் கழற்றி எறிந்துவிட்டு, இனிப் போனில் போடலாம் என்று சொல்வது பெரியவர்களுக்குச் செய்யும் உதவியல்ல.

பொழுதுபோக்குக்கு இழுக்கும் நேரமும் வீட்டுக் கணக்கில்தான் வரும். ஞாயிறு காலையில் தண்ணீரை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் திறந்தால் அன்றைக்குச் சமையல் நிற்கும். வேலை தொடங்க முதல் தாங்கியை நிரப்பிவிட்டு, சுவிச்சை ‘நிறுத்தம்’ நிலையில் விட்டுவிட்டு (தேவைப்பட்டால் வீட்டார் ‘கையால்’ பக்கம் திருப்பட்டும்), சிப்பை மட்டும் கழற்றி மேசைக்குக் கொண்டுபோக முடிவதுபோல் முதலிலேயே சொருகிகளை அமைத்திருந்தால் ஒருவரோடும் சண்டை வராது. பொருள்கள் கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலிருந்து கூரியரில் வர நாட்கள் எடுக்கும். ஆகையால் ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்குவது வீண்செலவல்ல. அதே நிரல் ஏற்றிய இரண்டாவது சிப்பை உறையில் போட்டு, நிரலின் பதிப்பு எண்ணை எழுதி பெட்டிக்குள்ளேயே ஒட்டிவையுங்கள். கதவின் உட்பக்கத்தில் இணைப்புப் படம் ஒன்று, வயர்களின் நிறத்தோடு. வெளிப்பக்கத்தில் பெரிய தமிழ் எழுத்தில் மூன்று வரி: பச்சை எரிந்தால் எல்லாம் சரி, சிவப்பு எரிந்தால் கிணற்றைப் பார்க்கவும், அவசரத்துக்குச் சுவிச்சைக் ‘கையால்’ பக்கம் திருப்பி அரை மணித்தியாலத்தில் நிறுத்தவும்.

ஊரைவிட்டு வெளிக்கிட முதல் செய்ய வேண்டிய சோதனைக்கு அரைநாள் போகும். மோட்டர் ஓடும்போது ரவுட்டரின் சொருகியைப் பிடுங்க வேண்டும், தாங்கி நிரம்பியதும் மோட்டர் தானே நிற்கிறதா? ஓடும்போது மிதவை வயரைக் கழற்ற வேண்டும், நிற்கிறதா? வால்வை மூட வேண்டும், இருபது செக்கனில் தடைக்குப் போகிறதா? மெயின் சுவிச்சை ஐந்து தரம் விட்டுவிட்டுப் போட வேண்டும், ஒருமுறையாவது மோட்டர் உதறுகிறதா? சிப்பை முழுவதும் கழற்றிவிட்டு, வீட்டில் வயதானவரைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் தாங்கியை நிரப்பச் சொல்ல வேண்டும். அவர் எந்தச் சுவிச்சைத் தேடுகிறார் என்பதைப் பார்த்துக்கொண்டு நின்றால், லேபலை எங்கே ஒட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.